அடுத்த பருவத்தில் கோலில் யார் நிற்பது

மரியநாதர் கல்லூரி இருப்பது மன்னாரில். அதன் உதைபந்தாட்ட அணியைப் பற்றி ஓயாமல் சண்டை பிடிப்பவர்கள் இருந்தது இத்தாலியின் பலெர்மோவில். அந்த நகரத்துக் கால்சாப் பகுதியில் கோவிலோடு ஒட்டியிருந்த நீண்ட அறையைப் பங்குத்தந்தை ஞாயிறு பூசைக்குப் பிறகு அவர்களுடைய பழைய மாணவர் சங்கத்துக்கு விட்டுக் கொடுப்பார். உப்புக் காற்றில் சுவரின் சுண்ணாம்பு உரிந்துகொண்டிருக்கும். அந்தச் சுவரில்தான் போட்டிகளின் வீடியோக்களைப் பெரிதாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

விமலராணி அந்தக் கல்லூரியில் படித்தவள் அல்ல. ஆனாலும் முன்வரிசையில் அவளுக்கென்று ஒரு கதிரை எப்போதும் காலியாக இருக்கும். அவள் சாந்தனின் தாய். சாந்தன் மரியநாதர் அணியின் கோல்காப்பாளன். போன வருடம் அரையிறுதியில் இரண்டு தண்ட உதைகளைப் பாய்ந்து பிடித்தவன். அப்படிப் பிடித்தும் அணி தோற்றது, உதைக்கப் போன மற்றப் பிள்ளைகள் மூன்றை வெளியே அடித்ததால். அந்த வீடியோவை விமலராணி எத்தனை தரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு அது. அடுத்த பருவத்தைப் பற்றிக் கதைப்பதற்கென்றே அன்று கூட்டம் வைத்திருந்தார்கள். மூன்று மணிக்குப் பயிற்றுநர் அகஸ்ரின் மாஸ்ரர் மன்னாரிலிருந்து வீடியோவில் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே வாக்குவாதம் சூடாகிவிட்டது.

"போன முறை ஆடினது பதினொரு பேர். அதிலை ஏழு பேருக்கு வயசு முடிஞ்சுது. மிச்சம் நாலு பேர். நாலு பேரோடை தாயம் விளையாடலாம், உதைபந்து விளையாடேலாது," என்றார் யாக்கோபு. சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் தோடம்பழம் பிடுங்கும் வேலை அவருக்கு. எந்தப் பருவம் தொடங்கினாலும் தோல்வியில்தான் முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சொன்னது பலித்தால் மற்ற எல்லாரையும்விட அவர்தான் அதிகம் வாடிப்போவார்.

சங்கத் தலைவர் கிறிகோரி தலையை ஆட்டினார். துறைமுகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர் அவர். "நீர் எப்பவும் இப்பிடித்தான். கோலிலை ஆர் நிக்கிறான் எண்டதை முதல் பாரும். சாந்தன் நிக்குமட்டும் எனக்குப் பயமில்லை."

"அவன் நிக்காட்டி?"

"ஏன் நிக்காமல்? இது இருபது வயசுக்குட்பட்ட அணி. அவனுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."

"எங்கடை நல்ல பெடியள் ஆர் ரெண்டு வருசம் நிண்டவங்கள்?" என்றார் யாக்கோபு. "மீசை முளைக்க முன்னம் பிளேன் ஏறியிடுறாங்கள்."

பின்னால் கணினியின் வயர்களைப் பொருத்திக்கொண்டிருந்த இராஜதுரை சிரித்தான். "நீங்களும் ஏறித்தானே வந்தனீங்கள், அண்ணை." இராஜதுரை யாழ்ப்பாணத்தான். அரையிறுதியில் மரியநாதரை வென்றது அவனுடைய கல்லூரிதான். அந்த அறையில் புரொஜெக்டரை இயக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே என்பதால் எதிர்க்கட்சிக்காரன் என்றாலும் பொறுத்துக்கொண்டார்கள்.

கிறிகோரி விமலராணியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் ஒண்டு யோசிச்சிருக்கிறன். சாந்தனை இந்தமுறை கப்டனாப் போடச்சொல்லி மாஸ்ரரைக் கேப்பம். கப்டனாப் போட்டால் பெடியன் ரெண்டு வருசமும் அசையான். நீரும் அவனை இஞ்சை கூப்பிடுற யோசினையிலை இல்லைத்தானே?"

இருபது முகங்கள் அவளைப் பார்த்தன.

"அவன் என்ன யோசிக்கிறானோ, எனக்குத் தெரியாது, அண்ணை," என்றாள் விமலராணி.

அது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. அவள் மடியில் இருந்த கைப்பைக்குள் ஒரு பிளாஸ்ரிக் உறையும் அதற்குள் ஒரு தாளும் இருந்தன. மகனை இத்தாலிக்குக் கூப்பிடத் தடையில்லை என்று அரசாங்கம் கொடுக்கும் தாள் அது. நுல்லா ஓஸ்தா என்பார்கள். வெள்ளிக்கிழமைதான் வந்தது.

ஒன்பது வருடத்துக் காத்திருப்பு அந்தத் தாளில் இருந்தது. சாந்தனுக்கு ஏழு வயதில் அவனுடைய தகப்பன் நெஞ்சுவலியில் செத்துப்போனார். அடுத்த வருடம் அவனைத் தன் தங்கை மொனிகாவிடம் விட்டுவிட்டு விமலராணி பலெர்மோவுக்கு வந்தாள். லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியப் பெண்ணை, சினிஞோராவை, பார்க்கும் வேலை. இரவும் பகலும் அந்த வீட்டிலேயே. சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் படுப்பவளால் மகனைக் கூப்பிட முடியாது. தனக்கென்று வீடு வேண்டும், அந்த வீட்டுக்கு நகரசபையின் அத்தாட்சி வேண்டும், சம்பளத்துக்குக் கடிதம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மகனுக்குப் பதினெட்டு வயதாவதற்கு முன் விண்ணப்பம் போட்டாக வேண்டும். போன புரட்டாதியில்தான் பலாரோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீடு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. தை பத்தாம் திகதி விண்ணப்பம் போனது. சாந்தனின் பிறந்தநாள் பங்குனி மூன்று.

இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சங்கத்துக்குச் சொல்லப் பயம். ஞாயிற்றுக்கு ஞாயிறு அவன் பேரைச் சொல்லிச் சொல்லி மகிழ்பவர்களிடம், உங்கள் கோல்காப்பாளனைக் கொண்டுபோகப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அது சின்னப் பயம். பெரிய பயம் சாந்தனைப் பற்றியது. நத்தாருக்கு முதல் வாரம் தொலைபேசியில் அவனிடம் சொன்னாள்: "தம்பி, உனக்குப் பேப்பர் போடப்போறன்." அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பாப்பம், அம்மா," என்றான். அவ்வளவுதான்.

அந்த "பாப்பம்" இரண்டு மாதமாக அவளைத் தின்றது. சினிஞோராவுக்குக் கால் பிடித்துவிடும்போதும், சந்தையில் மீன் வாங்கும்போதும் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். அங்கே அவனுக்கு மைதானம் இருக்கிறது, சினேகிதர்கள் இருக்கிறார்கள், தாயாக இருந்து வளர்த்த மொனிகா இருக்கிறாள். இங்கே இருப்பது போனில் தெரியும் ஒரு முகம் மட்டும். வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால்? வெள்ளிக்கிழமை தாள் கைக்கு வந்தும் இன்னும் அவனுக்கு அறிவிக்காமல் இருந்தது அந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. அகஸ்ரின் மாஸ்ரர் வந்துவிட்டார். விமலராணி எழுந்து, தேநீர் ஊற்றுபவள்போலப் பின்பக்க மேசைக்குப் போய்விட்டாள். மாஸ்ரர் தன்னிடம் நேராக ஏதாவது கேட்டுவிடுவார் என்று அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

மாஸ்ரரின் முகம் சுவர் முழுக்க இருந்தது. நெற்றியில் சுண்ணாம்பு உரிந்த இடம் ஒரு தழும்புபோல விழுந்தது. வணக்கம் சொல்லி, எல்லாருடைய சுகமும் கேட்டு, விசயத்துக்கு வந்தார். புது முன்கள வீரன் ஒருத்தன் கிடைத்திருக்கிறான், இடது காலால் உதைப்பவன். நடுக்களம் இன்னும் சரிவரவில்லை. மைதானத்தில் வந்து மேயும் கழுதைகளின் கரைச்சல் பழையபடிதான். சித்திரையில் முதற்சுற்று.

"சோளகம் வீசத் தொடங்கினால் எங்கடை பெடியளின்ரை பந்து காத்தோடை போயிடும்," என்றார் யாக்கோபு.

"காத்து ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டுதானே, யாக்கோபு," என்றார் மாஸ்ரர் அலுப்போடு.

கிறிகோரி தொண்டையைச் செருமினார். "மாஸ்ரர், நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒண்டு கேக்கிறம். சாந்தனைக் கப்டனாப் போடுங்கோ. அவனை வைச்சு ரெண்டு வருசத்துக்கு அணியைக் கட்டலாம்."

படம் நின்றுபோய்விட்டதோ என்று இராஜதுரை கணினியைத் தட்டிப் பார்த்தான்.

"சாந்தனை வைச்சு ஒண்டும் கட்டாதேங்கோ," என்றார் மாஸ்ரர். "அவன் தாயட்டைப் போறான்."

விமலராணியின் கையில் தேநீர்க் கேத்தில் அப்படியே நின்றது.

"ஆர் சொன்னது?" என்றார் கிறிகோரி.

"அவன்தான். நத்தாருக்கு முன்னம் ஒருநாள் பயிற்சி முடியத் தனிய வந்து சொன்னவன். 'மாஸ்ரர், அம்மா எனக்குப் பேப்பர் போடுறா. சரிவந்தால் நான் உடனை போயிடுவன். எனக்குப் பிறகு கோலிலை நிக்க ஆள் வேணும்' எண்டு. பத்தாம் வகுப்பிலை பிரசாந் எண்டு ஒரு பெடியன். அவனை இவன்தான் தெரிஞ்செடுத்தவன். அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும் பயிற்சிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நிண்டு பழக்குறான். பந்து எப்பிடி வரும், எப்ப வெளியிலை வரவேணும், எல்லாம். நான் இருவது வருசமாப் பழக்குறன், எனக்கு அந்தப் பொறுமை இல்லை."

மாஸ்ரர் தொடர்ந்தார்.

"நான் கேட்டனான், அம்மாவுக்குச் சொல்லிட்டியோ எண்டு. இல்லையாம். பக்கத்து வீட்டிலை ஒரு பிள்ளைக்கு இப்பிடித்தான் பேப்பர் போட்டுச் சரிவராமல் போச்சுது. அந்தத் தாய் போனிலை அழுததை இவன் கேட்டிருக்கிறான். 'நான் வர ஆசைப்படுறன் எண்டு அம்மாவுக்குத் தெரிஞ்சால், பேப்பர் வராட்டி அவ உடைஞ்சுபோவா. பாப்பம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்' எண்டான். ஆனபடியால் நீங்கள் ஆரும் தாய்க்குச் சொல்லிப்போடாதேங்கோ."

இருபது தலைகளும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பின.

"என்ன, எல்லாரும் எங்கை பாக்கிறியள்?" என்றார் மாஸ்ரர்.

இராஜதுரைதான் மெல்லச் சொன்னான். "மாஸ்ரர், தாய் இஞ்சைதான் நிக்கிறா."

சுவரில் இருந்த பெரிய முகம் கண்ணை மூடித் திறந்தது. "விமலராணியோ? பிள்ளை, நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது."

விமலராணி கேத்திலை வைத்தாள். கதிரைகளுக்கு நடுவே முன்னால் நடந்து வந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வெயிலில் வெகுதூரம் சுமந்து வந்த ஒன்றை யாரோ தலையிலிருந்து இறக்கி வைத்ததுபோல இருந்தது. கழுத்தும் தோளும் லேசாகிவிட்டன. வரமாட்டேன் என்று அவன் நினைக்கவே இல்லை. அவள் அவனுக்குப் பயந்து பேசாமல் இருந்த இரண்டு மாதமும் அவன் அவளை எண்ணிப் பேசாமல் இருந்திருக்கிறான்.

"நீங்கள் சொன்னது நல்லது, மாஸ்ரர்," என்றாள். கைப்பையைத் திறந்து உறையை எடுத்து மேசையில் வைத்தாள். "பேப்பர் வந்திட்டுது. வெள்ளிக்கிழமை வந்தது. நான்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கிறிகோரி தாளை எடுத்துப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார்.

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

"நீங்கள் அவனைப் பற்றிக் கதைக்கிறதைக் கேக்கக் கேக்க எனக்கு வாய் வரேல்லை, அண்ணை. அவன் போனால் அணி முடிஞ்சுது எண்டு சொல்லுறியள்."

கிறிகோரியின் முகம் சிவந்தது. "நான் என்ரை மோளைக் கூப்பிட ஆறு வருசம் திரிஞ்சனான். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலிலை விடிய நாலு மணிக்குப் போய் வரிசையிலை நிண்டனான். அவள் வந்து இறங்கேக்கை என்னை அங்கிள் எண்டு கூப்பிட்டவள். நானோ உன்ரை பிள்ளையை மறிப்பன்? உதைபந்து உதைபந்துதான், பிள்ளை பிள்ளைதான்." தாளை உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அதுவரை அவளுக்கு நீர் என்று சொல்லி வந்தவர் அன்றைக்குத்தான் நீ என்று சொன்னார்.

பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பினார். "மாஸ்ரர், அந்தப் புதுப் பெடியன் எத்தினை அடி?"

"அஞ்சடி நாலு. வளருவான்."

"அஞ்சடி நாலோ," என்றார் யாக்கோபு. அவர் முகத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒரு தெளிவு இருந்தது. "சரி. இனி எனக்கு நிம்மதி. வெல்லுவமோ வெல்லுவமோ எண்டு போன வருசம் முழுக்க நெஞ்சு அடிச்சது. இந்தமுறை தோப்பம் எண்டு தெரிஞ்சுகொண்டு ஆறுதலா இருந்து பாக்கலாம்."

முதலில் சிரித்தவர் மாஸ்ரர்தான். பிறகு அறையே சிரித்தது. இராஜதுரை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்து, அதற்காக ஏச்சும் வாங்கினான்.

விமலராணி போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் மாலை வெயில் மஞ்சளாகக் கிடந்தது. எதிர்ப்பக்கத்துப் பழைய மாளிகையின் கீழ்வீட்டில் யாரோ உடுப்பு உலரப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் தெரியவில்லை, அதன் மணம் மட்டும் வந்தது. மூன்றாவது தரம் மணியடித்தபோது சாந்தன் எடுத்தான்.

"என்னம்மா, இந்த நேரத்திலை?"

"தம்பி, பேப்பர் வந்திட்டுது."

மறுபக்கத்தில் சத்தமே இல்லை. இந்தமுறை அந்த மௌனத்துக்கு அவள் பயப்படவில்லை. பிறகு அவன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சின்னம்மா, வந்திட்டுதாம்," என்று கூப்பிடுவது கேட்டது. எங்கோ ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் ஒலி கேட்டது.

"உண்மையாவோ, அம்மா?"

"கையிலை வைச்சிருக்கிறன். பிரசாந்துக்கு எல்லாம் பழக்கி முடிச்சிட்டியோ?"

அவன் தடுமாறினான். "மாஸ்ரர் சொல்லிப்போட்டாரோ?"

"ஓம். முழுக்கச் சொல்லிப்போட்டார். என்னை ரெண்டு மாதம் சாகடிச்சாய், உன்ரை பாப்பத்தாலை."

"சொறி, அம்மா." பிறகு, தயங்கித் தயங்கி, "ஒண்டு கேக்கட்டே? முதற்சுற்று முடியுமட்டும் நிண்டிட்டு வரலாமோ? பிரசாந் பாவம். முதல் மட்ச்சிலை தனிய நிக்கப் பயப்படுவான்."

விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த உதவி நிலையத்துப் பெண் வெள்ளிக்கிழமை சொன்னதை விமலராணி நினைத்துப் பார்த்தாள். விண்ணப்பம் போட்ட நாளில் பதினெட்டு ஆகாமல் இருந்ததே போதும், பிறந்தநாள் வந்து போனாலும் பழுதில்லை. விசாவுக்கு ஆறு மாதம் தவணை இருக்கிறது. அன்றைக்கு அதைக் காதில் வாங்கினாளே தவிர, மனதில் வாங்கியிருக்கவில்லை. இப்போதுதான் அதன் அர்த்தம் விளங்கியது. அவசரப்பட வேண்டியதில்லை. யாரும் எதையும் பறித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

"நில்லு. விசாவுக்கு இப்ப போடுவம். முதற்சுற்று முடிய வா."

மொனிகா போனை வாங்கினாள். அவளுடைய குரல் கரகரத்திருந்தது. "அக்கா, சந்தோசம். ஆனால் அவனைத் தனிய பிளேன் ஏத்தி விட என்னாலை ஏலாது. நீ வந்து கூட்டிக்கொண்டு போ."

ஒன்பது வருடம் அவனுக்குச் சோறு போட்டவள் கேட்டாள். விமலராணியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை. இரண்டு தரம் ஊருக்குப் போயிருக்கிறாள். இரண்டு தரமும் அவன் சின்னப் பையன், அணியில் சேரவில்லை. அவன் கோலில் நிற்பதை அவள் தன் கண்ணால் ஒருநாளும் பார்த்ததில்லை.

"வாறன்," என்றாள். "சித்திரையிலை வாறன். மட்ச்சையும் பாத்திட்டு, ஒரு மாதம் உன்னோடை இருந்திட்டு, பிறகு கூட்டிக்கொண்டு வாறன்." சினிஞோராவின் மகளிடம் லீவு கேட்க வேண்டும். கேட்டால் தருவாள். ஒன்பது வருடத்தில் விமலராணி கேட்ட லீவுகளை எண்ண ஒரு கை போதும்.

உள்ளே வந்தபோது மாஸ்ரர் போய்விட்டிருந்தார். வாக்குவாதம் மட்டும் அப்படியே இருந்தது. ஐந்தடி நான்கு அங்குலப் பையனைக் கோலில் வைத்து, அவனுக்கு முன்னால் எத்தனை பேரைத் தடுப்பில் நிறுத்துவது என்று கிறிகோரி வெறும் சுவரில் விரலால் கீறிக் காட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எல்லாரும் நிறுத்தினார்கள்.

"முதற்சுற்றுக்குச் சாந்தன் நிப்பான்," என்றாள் விமலராணி. "நானும் அங்கை நிப்பன்."

"மட்ச் பாக்கப் போறியளோ, அக்கா?" என்றான் இராஜதுரை.

"ஓம்."

"அப்ப வீடியோ எடுக்கிறது நீங்கள்தான்," என்றார் யாக்கோபு உடனே. "போனைச் சரிச்சுப் பிடிக்கவேணும், பிள்ளை. போன வருசம் எடுத்தவன் நிமித்திப் பிடிச்சு, எங்களுக்கு வானமும் மண்ணும்தான் தெரிஞ்சது. மற்றது, உன்ரை மோனை மட்டும் எடுத்துக்கொண்டு நிக்கக் கூடாது. மற்றப் பக்கத்துக் கோலையும் காட்டவேணும்."

"நாங்கள் அந்தப் பக்கம் போனால்தானே காட்ட," என்றார் யாரோ.

விமலராணி தன் கதிரையில் உட்கார்ந்தாள். யாக்கோபு கொண்டுவந்திருந்த மந்தரீன் ஒன்றை உரித்தாள். அந்த அறையில் இத்தனை நாளும் அவள் விளையாட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் மகனுக்காகச் சொல்கிறாள் என்று நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு வீடியோவையும் பத்துத் தரம், இருபது தரம் பார்த்தவளுக்குத் தெரியாத விசயமில்லை.

"கிறிகோரி அண்ணை," என்றாள், "நீங்கள் கோலைப் பற்றியே கதைக்கிறியள். பிழை அங்கை இல்லை. இடப்பக்கத் தடுப்பிலை நிக்கிற பெடியன் பந்தைப் பாக்கிறானே ஒழிய ஆளைப் பாக்கிறானில்லை. போன வருசம் எங்களுக்கு விழுந்த ஒன்பது கோலிலை ஆறு அந்தப் பக்கத்தாலை வந்தது."

இராஜதுரை கணினியின் பக்கம் குனிந்தான்.

"பழைய வீடியோ கிடக்கு," என்றான். "போட்டுப் பாப்பமோ?"

"போடும்," என்றார் யாக்கோபு, தன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஆறோ? நான் அஞ்செண்டெல்லோ நினைச்சன்."